ஆவணியில் எது மிஞ்சும்? கிரவல் சரிவில் செடி வைத்துப் பார்த்தது

மட்டக்களப்பு மண்டூரில் எங்கள் வளவின் பின்பக்கம் தாழ்ந்த நிலம். 2011 தை மாத வெள்ளம் வீட்டுக்குள் ஏறி இறங்கிய பிறகு, ஊரில் பலரும் செய்ததைப்போல நாங்களும் டிப்பரில் கிரவல் என்கிற செஞ்சரளை மண் பறித்து வளவை உயர்த்தினோம். வீடு தப்பியது. ஆனால் உயர்த்திய நிலம் வயல் வாய்க்கால் பக்கம் ஒரே சரிவாக இறங்கி நின்றது. உயரம் ஆள் நெஞ்சளவு, அடி அகலமும் அவ்வளவுதான். அதாவது 45 பாகைக்குக் கிட்ட. இப்படிக் கொட்டிய மண்ணுக்கு 1 அடி உயரத்துக்கு 2 அடி அகலமாவது விட்டால் நல்லது. அப்படி விடுவதென்றால் கிணற்றடி வரை வெட்ட வேண்டும். மதில் கட்டலாம் என்றால் மேசன் சொன்ன தொகை பெரிது. போதாததற்கு, உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழி விடாமல் கட்டிய மதில்கள் வயிறு தள்ளி நிற்பதை இந்தப் பக்கத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். சரி, செடி வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

எதை வைப்பது என்ற கேள்விக்கு நான் பிடித்த அளவுகோல் ஒன்றுதான்: ஆவணியில் அது உயிரோடு இருக்குமா? தை மாதத்தில் மட்டக்களப்பில் எல்லாச் செடியும் நல்ல செடிதான். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று. மலைநாட்டில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் சூடாக வந்து விழுகிற காற்று அது. ஆகவே சரிவில் வைக்கிற செடி மார்கழியில் ஓடுகிற தண்ணீருக்கும் ஈடுகொடுக்க வேண்டும், ஆடியில் கிரவல் சுடுகிற சூட்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். வாய்க்கால் ஓரமாக வைப்பது கிழமைக்கணக்கில் தண்ணீருக்குள்ளும் நிற்க வேண்டும். கடையில் செடி பார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதில்லை.

புரட்டாதி

மழைக்கு முன்னரே தேடத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். வரண்டு கிடக்கும்போது வயல் வரம்பிலும் வாவிக்கரையிலும் பச்சையாக எது மிஞ்சியிருக்கிறதோ, அதுவே நமக்கு ஆள். அறுகு எங்கும் இருந்தது. நெருஞ்சியும் இருந்தது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற வளவுக்கு அது வேண்டாம். தொட்டாற்சுருங்கியும் அதே காரணத்தால் தள்ளுபடி. வெட்டுக்காயப் பூண்டு விதையிலேயே வந்து முளைக்கும், கேட்க வேண்டியதில்லை. ஆனால் கோடையில் தண்டு மட்டும்தான் நிற்கும்.

வாய்க்கால் கட்டில் தரையோடு ஒட்டிக் கிடந்த ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு மாமி சத்தம் போட்டார்.

"அதைப் புடுங்காத மனே. பொடுதலை அது. மறுகா பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச நான் எங்க போறது?"

பொடுதலையை மருந்தாகத் தெரியும்; சரிவுக்கு ஆகும் என்று அதுவரை நினைத்ததில்லை. குந்தியிருந்து பார்த்தால் விசயம் புரிகிறது. ஒரு கொடியை நுனியில் பிடித்து மெல்ல இழுத்தால் டிக் டிக் என்று ஒவ்வொரு கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் வெள்ளையாக ஒரு கொத்து வேர், அந்த வேரில் ஒரு சிட்டிகை மண். இலை நகத்தளவு, நுனியில் மட்டும் பல் வெட்டு. பூ இன்னும் சிறிது: கருஞ்சிவப்பு நடுவைச் சுற்றி வெளிர் ஊதா வளையம். வெள்ளத்தையும் வரட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்குகிற செடி என்பதற்கு அந்த வாய்க்கால் கட்டே சாட்சி. மாரியில் அது தண்ணீருக்கு அடியில் கிடக்கும் இடம்.

அதன் பிறகுதான் பூக்கன்று விற்கிற இடங்களுக்குப் போனேன். அங்கே முதலில் காட்டுவது புல்தரைக்குப் போடுகிற மலேசியன் புல்லும் வெடிலியாவும். வெடிலியா மஞ்சள் பூவோடு பளிச்சென்று இருக்கும், எந்த மண்ணிலும் ஓடும், மலிவு. அந்த ஓட்டம்தான் எனக்குப் பயம். நடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி அது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதற்கும் இடம் இருக்கிறது. ஒரு துண்டுத் தண்டு தண்ணீரில் போனால் போன இடத்தில் வேர் விடும். எங்கள் சரிவின் அடி நேரே வயல் வாய்க்காலுக்குள் போகிறது. என் வளவு மண்ணை நிறுத்த அடுத்தவரின் வயலுக்குள் ஆக்கினையை அனுப்ப மனம் வரவில்லை. விற்கிறவர் கடைசி வரை விடவில்லை, நானும் வாங்கவில்லை.

வாங்கியவை: ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் மலேசியன் புல், கொஞ்சம் பினட் புல், ஒரு பைப் பத்துமணிப் பூ. மற்றதெல்லாம் காசில்லாமல் கிடைத்தவை.

ஐப்பசி

பெரும்போக விதைப்புக்கு எல்லாரும் வானத்தைப் பார்க்கிற நாட்களில் நானும் பார்த்தேன். முதல் மழை மண்ணை நனைத்து, பெருமழை இன்னும் தொடங்காத அந்த இடைவெளிதான் நடுவதற்கு வேண்டும். வேர் பிடிக்க முன்னர் பெருமழை வந்தால் நட்டது முழுக்க வாய்க்காலுக்குப் போய்விடும்.

முதல் வேலை வெட்டிவேர். அது நிலத்தை மூடுகிற செடி அல்ல, தூராக நிற்கிற புல். ஆனால் படர்கொடிகள் எல்லாம் மண்ணின் மேல்தோலைத்தான் பிடிக்கும். உள்ளே இருப்பதைப் பிடிக்க நேர்கீழாக இறங்குகிற வேர் வேண்டும். வெட்டிவேர் நல்ல மண்ணில் 3 மீற்றருக்கும் கீழே போகக்கூடியது. 1980களில் உலக வங்கி இந்தியாவில் மண்ணரிப்புக்கு இதைப் பரப்பியது. அதற்கு முன்னரே பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கல்லடியில் மச்சான் வளவில் கேட்பாரற்று நின்ற ஒரு பெரிய தூரைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். அதைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டு சேர்ந்த நாற்றாக்கி, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, அரைச் சாண் இடைவெளியில் நட்டேன். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை.

இதில் கவனிக்க வேண்டியது வரிசையின் மட்டம். கண்ணால் பார்த்து நட்டால் எங்கோ ஓரிடம் தாழ்ந்துவிடும், வரிசை மறிக்கிற தண்ணீர் முழுவதும் அங்கே கூடி உடைத்துக்கொண்டு போகும். மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்துக் கயிறு கட்டித்தான் நட்டேன். அந்த வேலைக்கு ஒரு பின்னேரம் போனது. நட்டதற்கு அதைவிடக் குறைந்த நேரம்தான்.

அம்மாவுக்கு வெட்டிவேர் பிடிக்கவில்லை. "புல்லை வைச்சா பாம்பு வந்து படுக்கும் மகன்" என்றார். நியாயமான பயம். முழங்கால் உயரத்துக்கு மேலே விடாமல் வெட்டுவேன் என்று ஒத்துக்கொண்டு நட்டேன். வெட்ட வெட்டத் தூர் அகலிக்கும் என்பதால் அது எனக்கும் வசதிதான்.

வரிசைகளுக்கு இடையில் பொச்சு, அதாவது தேங்காய் மட்டை. பாதிப் பொச்சுகளைக் கவிழ்த்து அடுக்கி, கிளிசெரியா மரக் கம்பில் சீவிய முளைகளால் அடித்து நிறுத்தினேன். தும்பு வலை விரித்தால் இன்னும் நேர்த்தி. இலங்கையில் நெய்கிற வலைகள் சதுர மீற்றருக்கு 400, 700, 900 கிராம் என்று வெவ்வேறு எடையில் ஏற்றுமதிக்குப் போகின்றன. எங்களிடம் கொட்டிலுக்குப் பின்னால் பொச்சு குவிந்து கிடந்தது, அதுவே போதும் என்று விட்டேன். பொச்சுகளின் இடுக்குகளில் மண்ணும் மாட்டெருவும் திணித்து, பொடுதலையைக் கணுக்கணுவாக நறுக்கி ஊன்றினேன். அறுகை நான் நடவில்லை. கொண்டுவந்த எருவிலேயே அது இருந்தது.

அடம்பன் கொடி களுவாஞ்சிகுடிக் கடற்கரையிலிருந்து. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்களே, கடற்கரை மணலில் அது உண்மை. கிரவலில் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் கொஞ்சம் கொண்டுவந்தேன். பக்கத்திலேயே இராவணன் மீசைப் புல்லும் நின்றது. அதன் ஊசி கையில் ஏறியதும் அதைக் கடற்கரைக்கே விட்டுவிட்டேன்.

சரிவின் அடியில் வத்தாளைக் கொடி (சர்க்கரைவள்ளி) போடச் சொன்னவர்கள் உண்டு. மூன்று மாதத்தில் மூடும், உண்மை. ஆனால் கிழங்கு தோண்டுகிற நாளில் சரிவையும் சேர்த்துத் தோண்டுவோம். கிழங்கு வேண்டுமென்றால் மட்டமான நிலத்தில் போடுங்கள்.

கார்த்திகை, மார்கழி

மழை கொட்டும்போது குடையோடு போய் நின்று பாருங்கள். ஒரு மாரிக்கு அதைவிடப் பெரிய படிப்பு இல்லை. பார்க்க வேண்டியது செடியை அல்ல, சரிவின் அடியில் வெளியேறுகிற தண்ணீரின் நிறத்தை. பொச்சும் வெட்டிவேரும் உள்ள பக்கம் தேயிலைச் சாயம்போல் தெளிவாக வந்தது, அது பொச்சின் சாயம். மலேசியன் புல் பக்கம் செங்கலங்கல்.

அந்தப் புல்லைச் சதுரம் சதுரமாக வாங்கி ஒட்டியிருந்தேன். மேலே பார்த்தால் பச்சை விரிப்பு, ஒரு குறையும் இல்லை. ஆனால் வேர் கிரவலுக்குள் இறங்க முன்னர் பெருமழை பிடித்துவிட்டது. தண்ணீர் அடியால் புகுந்து, ஒரு இரவில் நடுச் சதுரங்கள் வழுகி வாய்க்கால் ஓரத்தில் கிடந்தன. பத்துமணிப் பூ அழுகிப் போயிற்று. அதற்கு ஈரம் ஆகாது.

அடம்பன் வேறு விதம். கொடி நன்றாக ஓடியது, இலையும் அகலம். ஆனால் இலையை விலக்கிப் பார்த்தால் கீழே வெறும் கிரவல். கடற்கரையில் கணுவுக்குக் கணு மணலுக்குள் வேர் விடுகிற கொடி, இங்கே கிரவலின் மேல் சும்மா படுத்துக் கிடந்தது. மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஓடுகிற தண்ணீரை நிறுத்தாது. ஆற்றுமணல் போட்டு நிரப்பிய குழிகளில் மட்டும் வேர் பிடித்திருந்தது.

இதனால் இப்போது எந்தச் சரிவைப் பார்த்தாலும் இலையை விலக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆட்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

வாவியில் காற்றுக்கு ஒதுங்கிய ஆற்றுவாழையை, தண்ணீரில் மிதக்கிற களை அது, அள்ளிக் காயவைத்து, மாசியில் சரிவு முழுக்க மூடாக்குப் போட்டேன். நன்றாகச் சருகாகக் காய்ந்த பிறகே போட வேண்டும்; பச்சையாக விட்டு அது வாய்க்காலில் விழுந்தால் மறுபடி தழைக்கும்.

ஆடி

மத்தியானத்தில் கிரவலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை. கிணறும் கீழே போயிருந்தது. தண்ணீர் ஊற்றுவதில்லை என்று முதலே தீர்மானித்திருந்தேன், ஊற்றவும் இல்லை.

மிச்சமிருந்த மலேசியன் புல் ஆனியிலேயே வைக்கோல். பினட் புல் வெயில் பட்ட பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலிந்துவிட்டது. மாமர நிழல் விழும் மூலையில் மட்டும் மஞ்சள் பூவோடு தப்பி நின்றது. பிரேசிலிலிருந்து வந்த அவரைக் குடும்பச் செடி அது, வேரில் நைதரசனைக் கட்டித் தரும். நிழலும் கொஞ்சம் ஈரமும் உள்ள சரிவுக்கு அதை வைக்கலாம். வெயில் சரிவுக்கு வேண்டாம்.

பொடுதலை இலையைச் சுருக்கி, தண்டைத் தடிப்பாக்கி, செங்கருப்பாகித் தரையோடு ஒட்டிக்கொண்டது. செத்துவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். நகத்தால் தண்டைச் சுரண்டினால் உள்ளே பச்சை. அறுகும் அப்படித்தான்: மேலே காய்ந்த சருகு, ஒரு விரல் ஆழத்தில் வெள்ளை வெளேரென்ற கிழங்குத் தண்டு.

வெட்டிவேரின் வெளி இலைகள் காய்ந்து, நடுக்குருத்து பச்சையாக நின்றது. வேர் எவ்வளவு போயிருக்கிறது என்று அறிய ஒரு தூரின் பக்கத்தில் அலவாங்கால் குழி போட்டேன். முழங்கை வரை கையை விட்டும் வேரின் நுனி கிடைக்கவில்லை. நூல் போன்ற வேர்தான். ஆனால் ஒவ்வொன்றும் கிரவற்கல்லைச் சுற்றிப் பிடித்திருந்த பிடியில் கல்லைக் கையால் உருவ முடியவில்லை. நல்ல வாசம் வேறு. அம்மா அதில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தண்ணீர்ப் பானைக்குள் போட்டார். பாம்புப் பேச்சு அதோடு குறைந்தது.

ஆடியில் வந்த பெரிய சேதம் வெயிலால் அல்ல, மாட்டால். சிறுபோகம் வெட்டிய பக்கத்து வயலில் மாடுகள் இறங்கின. வாய்க்காலைக் கடந்து சரிவில் ஏறி அறுகை மேய்ந்தன. மேய்ந்தது பரவாயில்லை, அது மறுபடி வரும். குளம்பு விளிம்பை உடைத்ததுதான் சேதம். மழை ஒரு மாரி முழுக்க அரிக்கிற மண்ணை ஒரு மாடு ஏறி இறங்கித் தள்ளிவிடும். அடிப்பக்கம் கிளிசெரியாக் கதிகால் நட்டு முள்ளுக்கம்பி கட்டினேன். அதைச் செடி நடுவதற்கு முன்னர் செய்வதுதான் சரியான ஒழுங்கு என்று யாராவது கேட்டால் சொல்வேன்.

இப்போது

முதல் மழை விழுந்து ஒரு கிழமைக்குள் பொடுதலை பச்சை கட்டிவிட்டது. நடுப்பகுதியில் பொச்சு உக்கி, அதன் மேலேயே கணு வேர் இறங்கியிருக்கிறது. நான் இன்று மறுபடி தொடங்கினால் மேல் விளிம்புக்கும் நடுவுக்கும் வெட்டிவேர், இடையில் பொடுதலையும் தானாக வரும் அறுகும், அடியில் பொடுதலை மட்டும். மணற்பாங்கான வளவென்றால், தேற்றாத்தீவு, கல்லாறு, தம்பிலுவில் பக்கம்போல, பொடுதலைக்கு முன்னர் அடம்பனைப் போடச் சொல்வேன். அங்கே அது தன் சொந்த மண்ணில் நிற்கும்.

பொடுதலை அழகா என்று கேட்டால், பூந்தோட்டக் கண்ணுக்கு இல்லை. தேனீக்கும் சின்னப் பட்டாம்பூச்சிக்கும் பிடித்திருக்கிறது. மாமி இப்போது எண்ணெய்க்கு எங்கள் சரிவில்தான் கிள்ளுகிறார். கிள்ளினால் கிளைக்கும் என்பதால் நானும் தடுப்பதில்லை.

கிணற்றுப் பக்க மூலை மட்டும் இன்னும் வெறுமை. கூரைப் பீலித் தண்ணீர் முழுவதும் அங்கேதான் விழுகிறது. அந்த வேகத்துக்கு எந்த வேரும் நிற்காது, அங்கே செடி நடுவது வீண். கீழே கருங்கல் அடுக்கி, பீலியிலிருந்து குழாயை நேரே வாய்க்கால் வரை இறக்கப் போகிறேன். குழாய் 3 அங்குலமா 4 அங்குலமா என்பதில் எனக்கும் மேசனுக்கும் இன்னும் முடிவாகவில்லை. நான் 4 என்கிறேன்.