கிட் பிளேம் டெஸ்டுகள்: கணக்கு சரி, வரிசை தப்பு

கிட் என்பது கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அதன் பிளேம், அனோடேட் கமாண்டுகள் ஒரு ஃபைலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று சொல்லும். கிட்டின் மூலக்கோடில் டி8001 ஸ்கிரிப்ட் கிட் அனோடேட்டையும், டி8002 கிட் பிளேமையும் சோதிக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான டெஸ்டுகள் தனி ஃபைலில் இருக்கின்றன. அங்கே அடிக்கடி வரும் செக்_கவுண்ட் ஃபங்ஷன், எந்த ஆத்தருக்கு எத்தனை வரி என்று கூட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். நாலு வரி ஃபைலில் ஏ-க்கு 2, பி-க்கு 2 என்றால் பாஸ். ஏ எழுதியதைப் பி தலையிலும், பி எழுதியதை ஏ தலையிலும் கட்டினாலும் கூட்டல் மாறாது.

அதனால் எங்கள் பிரதியில், வரிசையையும் பார்க்கும் டெஸ்டுகளை டி8002-இல் சேர்த்தோம். முதல் கமிட்டில், அதாவது பதிந்து வைக்கும் முதல் மாற்றத்தில், ஏ இரண்டு வரி எழுதுகிறார். அடுத்த கமிட்டில் பி, உச்சியில் ஒன்றும் நடுவில் ஒன்றும் செருகுகிறார். வர வேண்டியது பி, ஏ, பி, ஏ. நாலு வரியும் வேறுவேறாக இருக்கட்டும். ஒரே மாதிரி வரிகள் அடுத்தடுத்து வந்தால், புதிதாக வந்தது எது என்று, இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் டிஃப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிளேமின் வெளியீட்டுக்கு, ஒவ்வொரு வரிக்கும் முழு விவரம் தரும் லைன்-போர்சலின் ஆப்ஷன்தான் சரி. வெறும் போர்சலினில் ஒரு கமிட்டின் ஆத்தர் விவரம் அது முதலில் வரும் இடத்தில் மட்டுமே அச்சாகும். அங்கே நாலு வரிக்கு இரண்டு பெயர்தான் கிடைக்கும். பெயரை, பேட்டர்னுக்குப் பொருந்துவதைத் தேடி எடுக்கும் செட் கமாண்ட் கொண்டு எடுக்கும்போது ‘ஆத்தர்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு இடைவெளியும் பேட்டர்னில் வேண்டும். விட்டால் மெயில், நேரம், நேர மண்டலம் மூன்றும் சேர்ந்து விழும்.

பிளேமின் வெளியீட்டை நேரே செட்டுக்குள் ஊட்டும்படி பைப் செய்யக் கூடாது. பிளேம் பாதியில் கிராஷ் ஆனாலும் ஷெல் கடைசிக் கமாண்டின் எக்ஸிட் கோடை, அதாவது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணைத்தான் பார்க்கும். முதலில் ஒரு ஃபைலில் எழுதி, பிறகு செட், பிறகு எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும் டெஸ்ட்_சிஎம்பி. ஒன்று தோற்றால் அங்கேயே நிற்கும்படி மூன்றையும் இரட்டை ஆம்பர்சாண்டால் கோத்துவிடுங்கள். கமிட்டின் அடையாளமான ஹாஷ் தேவைப்பட்டால் கிட்டின் ரெவ்-பார்ஸ் கமாண்டிடம் கேட்டு வாங்குங்கள். கையால் எழுதிய 40 எழுத்து ஹாஷ், ஷா-256 என்ற ஹாஷ் முறையில் ஓட்டும்போது 64 ஆகிவிடும்.

அதிக நேரம் தின்றது, இடம் மாறிய வரிகளைக் கண்டுபிடிக்கும் பிளேமின் -எம் ஆப்ஷன். நகர்ந்த பகுதியில் எழுத்தும் எண்ணுமாகக் குறைந்தது 20 இருந்தால்தான் அது அசையும். வேறு ஃபைலிலிருந்து வந்ததைத் தேடும் -சி-க்கு 40. ‘ஒன்று’, ‘இரண்டு’ போல ஒற்றைச் சொல் வரிகளை வைத்தால், -எம் போட்டாலும் போடாவிட்டாலும் விடை ஒன்றே. அந்த விடையை அப்படியே, எதிர்பார்க்கும் விடையை வைக்கும் எக்ஸ்பெக்ட் ஃபைலில் ஒட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு டெஸ்ட் எழுதாமலே இருக்கலாம். வரிக்கு 30 எழுத்துக்கு மேல் வைத்து, -எம் இல்லாமலும் ஒருமுறை ஓட்டி, இரண்டு விடைகளும் வேறுபடுகின்றனவா என்று அந்த டெஸ்டுக்குள்ளேயே பாருங்கள்.

கடைசியாக, புதிய டெஸ்ட் தவறைப் பிடிக்கிறதா என்று பார்க்க, மூலக்கோடின் பிளேம்.ஹெச் ஃபைலில் அந்த 20-ஐ 2000 ஆக்கி, மேக் கொடுத்துக் கிட்டைத் திரும்பக் கட்டி, டி8002-ஐ விவரம் காட்டும் -வி, முதல் தோல்வியில் நிற்கும் -ஐ ஆகியவற்றுடன் ஓட்டினோம். புதிய -எம் டெஸ்ட் சிவப்பானது, அதாவது தோற்றது. 20-ஐத் திரும்ப வைத்த பிறகே பேட்சை அனுப்பினோம்.