பெரியத்தையின் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்

2 நவம்பர் 2025, ஞாயிறு

சில ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கிய என் திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினி, இன்று காலை ஒரு கோப்புறையைத் திறக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. காதை அருகில் கொண்டுபோனபோது, சீரான சுழற்சி ஒலிக்கு நடுவே, தகரத்தை நகத்தால் சுண்டுவது போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. 2011இல் வெளியான மாதிரி இது. உள்ளே 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். மறைந்த என் பெரியத்தை பாடிய 41 ஒப்பாரிப் பாடல்களின் ஒலிப்பதிவு அதில்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணிட்ட பட்டியலாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களை லினக்ஸில் எடுத்துப் பார்த்தேன். மொத்தத் தீர்ப்பு 'தேறியது' என்றே வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பலர் தரவை இழக்கிறார்கள். தயாரித்தவர் வகுத்த எல்லையை இன்னும் தாண்டவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்தப் பட்டியலில் பார்க்க வேண்டியவை 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும். முன்னது, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், கணக்கு. பின்னது, படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்களின் கணக்கு. 197க்கு எதிரே 56 என்று இருந்தது. உடனே கணினியை அணைத்துவிட்டேன்.

3 நவம்பர், திங்கள்

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கேட்டதற்கு, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். தரவு வேண்டாம் என்பவருக்கு அது பொருந்தலாம், எனக்குப் பொருந்தாது. நோய்ப்பட்ட தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டுவதும் அதே அளவு ஆபத்தானது, ஏனென்றால் அது படிப்பதோடு நிற்காமல் அந்தத் தட்டிலேயே எழுதவும் செய்யும். முதலில் பிரதி, பிறகுதான் மற்றதெல்லாம்.

சுழலும் தட்டே இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். இந்த மாதிரிக்கு 7 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே பொருந்தும். பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் பல 9.5 மில்லிமீட்டர் என்பதால், மறுபடியும் ஹார்ட் டிஸ்க்கையே வாங்கிப் போட நினைப்பவர்கள் அளவுகோலோடு போவது நல்லது. 2.5 அங்குல எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டரில்தான் வருகின்றன.

4 நவம்பர், செவ்வாய்

கழற்றும் வேலை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரியை உருவியெடுத்து, மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தேன். பக்கவாட்டு மூடியை ஒரே ஒரு திருகுதான் பிடித்திருக்கிறது. மூடியை எடுத்ததும், இரு ஓரத்திலும் கறுப்பு ரப்பர் பட்டைகள் அணிந்த ஹார்ட் டிஸ்க் தெரிந்தது. நாடாவைப் பிடித்து நேராக இழுத்தேன், வந்துவிட்டது. ஒரு பொருளைச் சொந்தக்காரரே திறந்து சரிசெய்யும்படி வடிவமைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போது தோன்றியது.

பழைய தட்டு, எஸ்எஸ்டி இரண்டையும் வீட்டு மேசைக்கணினியில், வட்டுகளை உள்ளே இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாகவே இணைத்தேன். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினால், தட்டு திணறும்போது இணைப்பே அறுந்துபோவதுண்டு. பிரதியெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இதுவோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப்போய், எளிதில் வருவதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கும். படிக்க முடியாத செக்டரை மறுபடி முயல, அது ஒவ்வொரு முறையும் முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். நேற்று முன்தினம் கோப்புறை திறக்காமல் நின்றதன் காரணம் இதுதான்.

5 நவம்பர், புதன்

இரவு மழையோடு மின்சாரம் போனது. மேசைக்கணினிக்கு யூபிஎஸ் இல்லை. மின்சாரம் திரும்பும்வரை உறங்கவில்லை. எதைப் படித்தோம், எது பாக்கி என்று டிடிரெஸ்க்யூ எழுதிவைக்கும் வரைபடக் கோப்பை மேசைக்கணினியின் சொந்த வட்டிலேயே வைத்திருந்ததால், அதே கட்டளையை மறுபடி கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் லினக்ஸை ஏற்றி இந்த வேலையைச் செய்பவர்கள் அந்தக் கோப்பை எங்கே வைக்கிறோம் என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். நினைவகத்தில் இருந்தால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும்.

7 நவம்பர், வெள்ளி

320,072,933,376 பைட்டுகளில் 12,288 பைட்டுகள் மட்டும் வரவே இல்லை. இந்தத் தட்டுக்குள் ஒரு செக்டர் 4,096 பைட்டு என்பதால் மூன்றே மூன்று செக்டர்கள். இரண்டு இரவுகள் திரும்பத் திரும்ப முயன்றும் அவை அசையவில்லை. இனியும் தட்டை வருத்த வேண்டாம் என்று நிறுத்தினேன்.

8 நவம்பர், சனி

ரப்பர் பட்டைகளைப் பழைய தட்டிலிருந்து உருவி எஸ்எஸ்டிக்கு மாட்டி, மடிக்கணினியில் செருகினேன். அப்படியே நகலெடுத்தால் பகிர்வுகளின், அதாவது வட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளின், அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே நகல் முடிந்த பிறகு பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் மாட்டியபடி இயக்கக் கூடாது. முதல் முயற்சியிலேயே லினக்ஸ் ஏறியது. பகிர்வை மீதி இடத்துக்கு நீட்டி, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வாரந்தோறும் நடக்கும்படி அமைத்தேன். வேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

9 நவம்பர், ஞாயிறு

அந்த மூன்று செக்டர்கள் எந்தக் கோப்புகளுக்குச் சொந்தம் என்று டீபக்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கருவி கொண்டு தேடினேன். பகிர்வுக்குள் ஒரு செக்டரின் இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தால், கோப்பின் உள் அடையாளமான ஐநோட் எண்ணையும், அதைக் கொடுத்தால் கோப்பின் பெயரையும் சொல்லும். ஒன்று வெற்றிடம். ஒன்று உலாவியின் தற்காலிகக் கோப்பு. மூன்றாவது, 27ஆம் பாடல்.

ஒற்றைத் தடத்தில் வினாடிக்கு 88,200 பைட்டு வீதம் செய்த பதிவு அது. ஆகவே இழப்பு ஒரு வினாடியில் 20இல் ஒரு பங்குக்கும் குறைவு. ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். 'என் ராசா' என்று பெரியத்தை இழுக்கும் இடத்தில், 'ரா'வுக்கும் 'சா'வுக்கும் நடுவே மெல்லிய ஒரு சொடுக்கு. மென்பொருளால் மெழுகி மறைக்கலாம், வேண்டாமென்று விட்டுவிட்டேன். 41 பாடல்களையும் வெளிவட்டு ஒன்றில் ஏற்றித் தங்கை வீட்டில் கொடுத்தேன். இன்னொரு பிரதி மேசைக்கணினியில் இருக்கிறது. பழைய தட்டைத் தேதி எழுதிய உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.