ஃபேமிலி லா பேப்பரில் ‘கொடுமை’ கேள்வி வந்தால்

கொடுமையைக் காரணமாக வைத்து விவாகரத்து கேட்க வழி செய்யும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 13(1)(ஐஏ) ஏதாவது ஒரு ரூபத்தில் கேள்வியாக வந்துவிடும். பலரும் கொடுமை என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதி, சமர் கோஷ் தீர்ப்பில் (2007) உள்ள உதாரணங்களை ஒப்பித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அதை எப்படி நிரூபிப்பது என்று எழுதினால்தான் மார்க்.

இது எனக்கு உறைத்தது தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியர் வக்கீல் ஆபீஸில். மனு டிராஃப்டில் ‘மிகவும் கொடுமைப்படுத்தினார்’ என்று இருந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘எப்போ? எங்கே? யார் பார்த்தது?’ என்று எழுதினார். ஒரு சம்பவத்தைக் கொடுத்து விடை கேட்கும் பிராப்ளம் கேள்வியைப் படிக்கும்போது நீங்களும் இந்த மூன்றையும் தேடுங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம் தஸ்தானே வழக்கு (1975). சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கோர்ட் நம்பினால் போதும் என்ற ஒரு வரிக்காகத்தான் எல்லோரும் இதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கில் மனைவி கொடுமை செய்தார் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகும் கணவர் தோற்றுப்போனார், ஏனென்றால் அதற்கப்புறமும் இருவரும் சேர்ந்து குடும்பம் நடத்தியதால் அவர் அதை மன்னித்துவிட்டார் என்று முடிவானது. அதுதான் பிரிவு 23(1)(பி)யில் வரும் கண்டோனேஷன், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

உதாரணத்துக்கு, காசிமேட்டில் ஒரு பெண், கணவன் சந்தேகப்பட்டு தினமும் கேவலமாகப் பேசுகிறான், அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள், பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைக்கிறார்கள், ஒரு வருஷம் கழித்து மறுபடியும் அதே பேச்சு என்று கேள்வி வரலாம். சேர்ந்து வாழ்ந்ததால் பழையதெல்லாம் போச்சு என்று எழுதினால் தப்பு. அந்த மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது, திரும்பக் கொடுமை செய்தால் பழைய சம்பவங்களும் உயிர் பெற்றுவிடும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கொடுமை செய்யும் எண்ணம் அவனுக்கு இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை, ஷோபா ராணி வழக்கு (1988).

சாட்சியம் பற்றிக் கேட்டால், நாலு சுவருக்குள் நடந்ததற்கு வெளியாள் சாட்சி கிடைப்பது கஷ்டம், அதனால் அவளே கூண்டேறிச் சொல்வதுதான் முக்கியம், அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ துணைக்கு நிற்கலாம் என்று எழுதுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம் பிரிவு 14 வழக்கமான சாட்சிய விதிகளைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ரகசியமாகப் பதிவு செய்த போன் பேச்சையும் ஏற்கலாம் என்று விபோர் கர்க் வழக்கில் (2025) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, புதுசு என்பதால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ‘இந்தத் திருமணம் இனி ஒட்டாது, அதனால் குடும்ப நீதிமன்றம் விவாகரத்து தரலாம்’ என்று முடிக்காதீர்கள். அது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. ஷில்பா சைலேஷ் தீர்ப்பு (2023) சொல்வது அரசியலமைப்பின் 142வது பிரிவின் கீழ் அப்படி விவாகரத்து தர உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரத்தைப் பற்றி.