இது கல் இல்ல டீச்சர், டிக்கெட்

மரத்தின் வேர் மேல் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவன் கையில் வளைந்த குச்சி ஒன்று, அதுதான் ஸ்டியரிங். கடைசியில் நின்றவள் எல்லோருக்கும் கூழாங்கல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேருந்து நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் குனிந்து, டீச்சர்களுக்கென்றே இருக்கிற அந்தக் குரலில், "அட, உன் கையில எத்தனை கல் இருக்கு? எண்ணிச் சொல்லு பாப்போம்!" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இது கல் இல்ல டீச்சர், டிக்கெட்."

சொல்லிவிட்டு, எனக்காக எண்ணினாள். ஒன்பது. நானும் "வெரி குட்" என்றேன். அடுத்தவனிடம் திரும்புவதற்குள் ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டான். பயணிகளும் கலைந்துவிட்டார்கள். ஒன்பது வரை எண்ண அவளுக்கு முன்பே தெரியும். அன்றைக்கு அவள் புதிதாகத் தெரிந்துகொண்டது, டீச்சர் கிட்டே வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்பதைத்தான்.

ஒன்றாம் வகுப்பு எடுக்க ஆரம்பித்து எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. அதில் கடைசி நாலு வருடமாகத்தான் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறேன். இது இடைவேளை நேரம் இல்லை. இடைவேளை தனியாக இருக்கிறது. அதில் நான் தலையிடுவதும் இல்லை. இந்த ஒரு மணி நேரம் பாட நேரத்திலிருந்து எடுத்தது. அதனால்தான் ஆரம்பத்தில் எனக்கு அவ்வளவு பதற்றம். எண்ணிக்கை, எழுத்து, நிறம் என்று எதையாவது பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினால்தானே பாட நேரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியும்? டிக்கெட் விஷயத்தில் நான் செய்ததும் அந்தப் பிடுங்கல்தான்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம், வெளியே இருக்கும்போது முதல் பத்து நிமிடம் வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். சொல்வது சுலபம். ஒரு பையன் ஓட்டை வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நாலாவது தடவை நடக்கிறான். போய்ச் சேரும்போது நாலாவது தடவையும் வாளி காலி. "அதுல ஓட்டை இருக்குடா கண்ணா" என்று சொல்லாமல் நின்று பாருங்கள், தெரியும். ஐந்தாவது தடவை அவன் வாளியைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தான். மிச்சம் இருந்த தண்ணீர் முகத்தில் கொட்டியது. அப்புறம் ஓட்டையை விரலால் அடைத்துப் பார்த்தான், இலை வைத்துப் பார்த்தான், கடைசியில் களிமண். களிமண் பாதி வழி வரை தாங்கியது. உடனே கூட்டாளி ஒருவனைக் கூப்பிட்டு, குழியையே பாதி வழிக்கு இந்தப் பக்கம் தோண்டச் சொல்லிவிட்டான். இப்படி ஒரு வழி எனக்குத் தோன்றியிருக்காது.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அதே பேருந்து மறுபடி ஓடியது. இந்தத் தடவை இரண்டு கண்டக்டர்கள். ஒருத்திக்கு டிக்கெட் அதிகம் என்று மற்றவன் அழாத குறை. அவள் தன் கற்களைத் தள்ளித் தள்ளி நீளமாகப் பரப்பி வைத்திருந்தாள். அவன் தன்னுடையதை நெருக்கமாக அடுக்கியிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் நடத்திய பிரபலமான சோதனை ஒன்று உண்டு: இரண்டு வரிசைகளில் ஒரே எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, குழந்தையின் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் பரப்பிவிட்டுக் கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளைகள் பலரும் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். ஆறு, ஏழு வயதில் அது மாறத் தொடங்கும். ஒன்றாம் வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். மரத்தடியில் நடந்ததும் அதேதான், சோதனை நடத்த ஆள் இல்லாமலே. ஸ்டியரிங் பிடித்தவன் எழுந்து வந்து, "உன்னோட ஒண்ணு வை, அவளோட ஒண்ணு வை" என்று ஜோடி ஜோடியாக வைக்கச் சொன்னான். ஏழுக்கு ஏழு. சண்டை தீர்ந்தது, வண்டி கிளம்பியது. நான் பல வருடம் கரும்பலகையில் பூவுக்கும் தொட்டிக்கும் கோடு போட்டு இணைக்கச் சொல்லிப் பார்த்த ஒன்றுக்கு ஒன்று பொருத்தம்தான் இது. வண்டி கிளம்ப வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருந்தது. என் கரும்பலகைப் பூக்களுக்கு அப்படி ஒரு அவசரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-ல் ஆற்றிய ஓர் உரையில் குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். அந்த நொடியில் குழந்தை 'குதிரை' என்ற பொருளை உண்மைக் குதிரையிலிருந்து கழற்றி ஒரு குச்சியில் மாட்டுகிறது என்பது அவர் வாதம். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துப் பரீட்சை எழுதி மறந்துவிட்டேன். கல்லை டிக்கெட் என்று அந்தப் பெண் திருத்திய பிறகுதான் உறைத்தது. வளைத்துப் போட்ட கோடு ஒன்றை 'க' என்ற ஒலி என்று ஒப்புக்கொள்வதும் இதே வேலைதானே? அதை ஒரு வருடத்துக்குள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளுக்கு ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம். கல்லை டிக்கெட்டாகப் பார்க்க முடியாத பிள்ளையிடம் போய் இதைக் கேட்பது கஷ்டம்.

இங்கே ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வருடம் வெளிவிளையாட்டு மயக்கத்தில், எழுத்தும் தானாக வந்துவிடும் என்று நம்பிவிட்டேன். வரவில்லை. எறும்பைப் பார்த்து ஆறு கால் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஆனால் 'எ' இப்படித்தான் இருக்கும் என்பதை எந்த மரத்தடியிலும் கண்டுபிடிக்க முடியாது. அது மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு, யாராவது சொல்லித்தான் தர வேண்டும். அரையாண்டில் மூன்று பிள்ளைகள் எழுத்துக் கூட்டக்கூட முடியாமல் பின்தங்கியிருந்தார்கள். வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்தவர்கள் தப்பித்தார்கள், இல்லாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அது இன்னும் என்னை உறுத்துகிறது. இப்போது காலையில் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து, எழுத்தும் ஒலியும் நேரடியாகச் சொல்லித்தருகிறேன். அந்த அரை மணியில் விளையாட்டு என்று பெயர் வைத்து எதையும் இனிப்புப் பூசிக் கொடுப்பதில்லை. வெளியே போனதும் அந்த எழுத்துகளுக்கு வேலை கிடைக்கிறது.

வெளியே போவது என்றதும் கதவைத் திறந்துவிடுவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் வாரம் முழுக்க நாங்கள் வெளியே போய்ச் செய்தது ஒன்றே ஒன்று, திரும்பி வருவது. விசில் இரண்டு முறை கேட்டால் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும் மரத்தடிக்கு வர வேண்டும். போய், ஓடி, விசில், வந்து. மறுபடி போய். தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ளவும் பழக்கினேன். எல்லை தாண்டக் கூடாது. எல்லைக்கு நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. குச்சிக்கும் சட்டம் உண்டு: உன் கையை விட நீளமான குச்சி என்றால் ஒருத்தர் மட்டும் தூக்கக் கூடாது, இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். ஓடும்போது கையில் குச்சி இருக்கக் கூடாது. மரம் ஏறலாம், ஆனால் நான் தூக்கி விட மாட்டேன். தானாக ஏற முடிந்த உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கவும் முடிகிறது. நாம் தூக்கி வைத்த பிள்ளைதான் உட்கார்ந்து அழும். நாலு வருடத்தில் முழங்கால் சிராய்ப்புகள் ஏராளம். நெற்றி வீங்கியது இரண்டு தடவை, ஒன்று என்னுடையது.

பொருட்களுக்கும் பெரிய செலவு கிடையாது. பழைய டயர், பலகை, கயிறு, ஓட்டை வாளி, சல்லடை, துணி. டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன் அழகழகாக விளையாட்டுத் திடல்களை வடிவமைத்தவர். பிள்ளைகளோ கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடக்கும் கழிவுச் சாமான்களில்தான் ஆசையாக விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். அவர் யோசனைப்படி 1943-ல், போர்க் காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் காயலான் சாமான்களை வைத்தே ஒரு திடல் திறந்தார்கள். எங்கள் மைதானத்து மூலையில் வண்ணம் அடித்த ஒரு சறுக்குமரம் நிற்கிறது. அதில் சறுக்குவது பத்து நிமிடம். டயரோடு ஒரு பருவமே ஓடும்.

பெற்றோர் விஷயம் தனிக் கதை. "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று அம்மா கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? "ஒண்ணும் இல்ல, விளையாடினோம்." நோட்டைத் திறந்தால் அரைப் பக்கம்தான் எழுதியிருக்கும். ஒரு அப்பா வாசலிலேயே கேட்டார், "விளையாட வீட்டுலயே விட்டுடலாமே, பள்ளிக்கூடம் எதுக்கு?" நியாயமான கேள்விதான். இந்தச் சந்தேகம் நேற்று முளைத்தது அல்ல என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகள் தோட்டம் என்ற பெயரை 1840-ல் வைத்தவர் ஜெர்மனியின் ஃபிரெடரிக் ஃப்ரூபல். அங்கே பெயருக்கு ஏற்றபடி உண்மையான தோட்டமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி. 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களையே தடைசெய்துவிட்டது. மறு வருடம் ஃப்ரூபல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல். எங்கள் தலைமை ஆசிரியர் அந்த அளவுக்குப் போகவில்லை, "பார்த்து செய்யுங்க டீச்சர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவரை உண்மையில் அசைத்தது கண் விஷயம். சீனாவின் குவாங்ஜோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஆறு பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மற்ற ஆறில் வழக்கம்போல. மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5 சதவீதம். வெளி வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தூண்டி, கண் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தலைமை ஆசிரியர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அதற்கு அப்புறம் கேள்வி வரவில்லை.

பெற்றோருக்காக வாசலில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறேன். தினம் ஒரு வரி: "இன்று நிழல் காலையில் நீளமாகவும் மதியம் குட்டையாகவும் இருந்ததை அளந்தோம், ஏன் என்று இன்னும் சண்டை." வீட்டில் கேட்கும் கேள்வி அதற்குப் பிறகு மாறிவிட்டது. "சண்டை யார் ஜெயிச்சா?" என்று கேட்கிறார்களாம்.

கடைசியாக, பென்சிலைப் பிடிக்கவே மறுத்த ஒருவனைப் பற்றி. முன்பல் இரண்டும் விழுந்தவன். இரண்டு வரி எழுதினால் கை வலிக்கிறது என்பான். சோம்பேறித்தனம் என்று முன்பெல்லாம் நானே திட்டியிருப்பேன். பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறுகின்றன, ஆறு வயதில் அந்த வேலை முடிந்திருக்காது. அது தெரிந்த பிறகு கை வலி என்றால் நம்புகிறேன். அவனை எழுத வற்புறுத்தவில்லை. அவன் பாட்டுக்குத் தோண்டினான், கயிற்றில் தொங்கினான், ஈர மண்ணைப் பிசைந்தான், வாளி தூக்கினான். நாலு மாதம்.

அப்புறம் ஒரு நாள் வந்து அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கேட்டான். அவன் காவல் காத்துவந்த எறும்புப் புற்றை யாரோ மிதித்துவிட்டார்களாம். மண்ணில் குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ரொம்ப நேரம் எழுதினான். குச்சியில் கட்டி நட்டும் வைத்தான். "எரும்பு வீடு. மிதிக்காதே."

எனக்குக் கை துறுதுறுத்தது. விதியை நினைத்து அடக்கிக்கொண்டேன். ஆனால் டிக்கெட் கொடுத்தவளுக்கு அப்படி விதி எதுவும் கிடையாதே. "டேய், இது பெரிய ற-டா" என்றாள். இல்லை, எறும்பு சின்னதுதானே, அதற்குச் சின்ன ர-தான் என்று அவன் சாதித்தான். அவள் போய் இன்னொரு அட்டை எழுதிக்கொண்டு வந்து பக்கத்திலேயே நட்டாள்.

இன்று காலை பார்க்கும்போது இரண்டு பலகையும் நிற்கிறது, ஒன்றில் சின்ன ர, ஒன்றில் பெரிய ற. எறும்புகள்தான் இல்லை. சுவரோரமாக வேறு இடம் பார்த்துப் போய்விட்டன.