ஏழு ஃபண்டுகளும் ஒரு கட்டம்போட்ட நோட்டும்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தங்கையின் கணவர், கடந்த மாம்பழப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பாடு முடிந்த கையோடு பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேசைமீது வைத்தார். ஐந்து ஆண்டுகளாக அவர் மாதாமாதம் பணம் கட்டிவரும் ஏழு மியூச்சுவல் ஃபண்டுகளின் தொகுப்பு அறிக்கை அது. “மச்சான், இதுல எதை வச்சுக்கலாம், எதை விடலாம்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். அவரே ஒரு பட்டியலும் தயாரித்திருந்தார். ஆனால் அதில் இருந்தவை கடந்த ஓராண்டு லாபமும் ஏதோ ஓர் இணையதளம் கொடுத்த நட்சத்திரங்களும் மட்டுமே. அந்த இரண்டு பத்தியையும் மடித்துவிட்டு, கட்டணம், கையிருப்புப் பங்குகள், ஃபண்டின் அளவு ஆகிய மூன்றை மட்டும் வைத்து ஏழையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று நான் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஓர் ஏலச்சீட்டில் சேருவதற்கு முன் யாராக இருந்தாலும் சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்காமல் இருப்பதில்லை. சட்டப்படி அது 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்து, 2019-இல் வந்த திருத்தத்தில் 7 சதவீதமாக உயர்ந்தபோது, அதைப் பற்றிப் பேரம் பேசியவர்களில் என் தங்கை கணவரும் ஒருவர். அதே மனிதர் ஃபண்டுகளில் தாம் செலுத்தும் கட்டணம் எவ்வளவு என்று ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. சீட்டுக் கமிஷன் கண்ணுக்கு முன் கழிக்கப்படுகிறது, ஃபண்டின் ஆண்டுக் கட்டணமோ ஒவ்வொரு நாளும் அதன் சிறு பங்காக என்ஏவியிலிருந்து, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பிலிருந்து, கழிக்கப்பட்ட பிறகே அந்த நாளின் மதிப்பு வெளியிடப்படுகிறது. கையிலிருந்து எடுத்துக் கொடுக்காத பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஆனால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் முடியும் அரையாண்டுகளுக்கு வரும் தொகுப்பு அறிக்கையில், விற்பனை செய்த ஏஜென்டுக்கு நம் முதலீட்டின் பேரில் எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்பது ரூபாய்க் கணக்கிலேயே அச்சாகியிருக்கும். அவர் கொண்டுவந்த தாள்களில் அந்தப் பகுதியை விரலால் தொட்டுக் காட்டினேன். ஏழு வரிகளையும் கைபேசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவா?” என்று கேட்டவர், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏழுமே ரெகுலர் பிளான்கள். ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் ஒவ்வொரு ஃபண்டுக்கும் 2013 ஜனவரி முதல் இருக்கிறது என்பதை அவருக்கு அந்த ஏஜென்ட் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கட்டண வேறுபாடு ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றுவது இயல்பு. 5 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்குப் போட்டு, கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சந்தை அப்படி உறுதி எதுவும் தருவதில்லை, இது கணக்குக்காக மட்டும். ஆண்டுக் கட்டணம் 2 சதவீதமாக இருந்தால் முடிவில் கையில் இருப்பது சுமார் 33.6 லட்சம், 0.7 சதவீதமாக இருந்தால் 42.5 லட்சம், ஒரு பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் 0.2 சதவீதமாக இருந்தால் 46.5 லட்சம். இந்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுக் குறைந்த கட்டணம் உள்ளதையே வாங்கு என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. நான் அந்த இடத்தில் நிற்பதில்லை, ஏனென்றால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் ஒரு விலையை அதிகம் என்றோ குறைவு என்றோ சொல்ல முடியாது.

எதற்காக என்பதை அறியக் கையிருப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முடிந்த பத்து நாட்களுக்குள் ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் முழுப் பட்டியலையும் வெளியிட்டாக வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. என் மகளின் கட்டம்போட்ட கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, பங்குகளின் பெயரை இடப்பக்கமும் ஃபண்டுகளை மேலேயும் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று நிரப்பத் தொடங்கினோம். இரண்டு ஃபண்டுகளுக்கு இடையே ஒவ்வொரு பங்கிலும் எது குறைந்த சதவீதமோ அதை மட்டும் எடுத்துக் கூட்டிக்கொண்டே வந்தால், அவை எந்த அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். நான்கு ஃபண்டுகளில் முதல் மூன்று வரிகள் ஏறக்குறைய ஒன்றே: எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ். ஏழு இடத்தில் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று ஐந்து ஆண்டுகளாக நிம்மதியாக இருந்தவர், நோட்டைத் தம் பக்கம் திருப்பி அந்த மூன்று வரிகளையும் மறுபடியும் படித்தார்.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. செபி 2017 அக்டோபரில் வகுத்த பிரிவுகளின்படி, லார்ஜ் கேப் என்றால் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள். லார்ஜ் கேப் ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அவற்றில்தான் வைத்திருக்க வேண்டும். ஒரே நூறு பேரிலிருந்து எல்லோரும் ஆள் எடுத்தால் முகங்கள் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் விலை அப்போது வேறுவிதமாகத் தெரிகிறது. அவருடைய லார்ஜ் கேப் ஃபண்டில் 66 சதவீதம், நூறு பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 100 குறியீட்டோடு அப்படியே பொருந்தியிருந்தது; ஆண்டுக் கட்டணம் 1.7 சதவீதம். பொருந்திய பகுதியை 0.2 சதவீதத்துக்கு ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் கொடுத்துவிடும் என்றால், மீதி 34 சதவீதத்துக்காக, அதாவது மேலாளர் தம் சொந்த அறிவால் வேறுபட்ட பகுதிக்காக, அவர் உண்மையில் கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 4.6 சதவீதம். அந்தப் பகுதி மட்டும் குறியீட்டை ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு தூரம் முந்தினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். கட்டணத்தைத் தனியாகவும் கையிருப்பைத் தனியாகவும் பார்த்திருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்காது.

அளவைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம், பெரிய ஃபண்ட் என்றால் நம்பிக்கையானது என்பதுதான். அதில் ஒரு பாதி சரி. செபியின் அடுக்கு முறையில் ஃபண்ட் பெருக்கப் பெருக்கக் கட்டண உச்சவரம்பு இறங்கும். 2019 ஏப்ரலில் வந்த அடுக்கை வைத்து நான் கணக்கிட்டதில், ஆயிரம் கோடி உள்ள பங்கு ஃபண்டுக்கு அடிப்படை உச்சவரம்பு 2.06 சதவீதம், ஐம்பதாயிரம் கோடி உள்ளதற்கு 1.34 சதவீதம் என்று இருந்தது. சதவீதத்தில் இறக்கம்தான், ரூபாயில் பார்த்தால் 20.6 கோடி 671 கோடியாகிறது. பங்குகளை ஆராயும் மேசைகள் ஐம்பது மடங்கு பெருகிவிடப் போவதில்லை என்பதால், பணம் சேர்ப்பதே ஒரு தொழிலாகிவிடுவதன் காரணம் இதிலேயே இருக்கிறது.

மறுபாதி அவருடைய ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டில் தெரிந்தது. பெயரின்படி அது எந்த அளவு நிறுவனத்திலும் முதலீடு செய்யலாம். ஆனால் ஒரு ஃபண்ட் நிறுவனம் தன் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து ஒரு கம்பெனியின் வாக்குரிமைப் பங்குகளில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூவாயிரம் கோடி சந்தை மதிப்புள்ள ஒரு நல்ல கம்பெனியை மேலாளர் கண்டுபிடித்தாலும், அவர் போடக்கூடியது 300 கோடிதான். அறுபதாயிரம் கோடி ஃபண்டில் அது அரை சதவீதம். அந்தக் கம்பெனி இரட்டிப்பானாலும் ஃபண்டுக்குக் கூடுவது அரை சதவீதமே. ஆகவே மேலாளர் மறுபடியும் அந்தப் பெரிய நூறு நிறுவனங்களிடமே போகிறார், நோட்டில் அதே மூன்று வரிகள் திரும்ப வருகின்றன.

சிறிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஸ்மால் கேப் ஃபண்டில் அளவு இன்னும் கூர்மையான விஷயம். போச்சம்பள்ளி சந்தைக்கு இரண்டு ஆடு வாங்கப் போகிறவர் சந்தை விலைக்கு வாங்கித் திரும்பலாம். இருநூறு ஆடு வேண்டும் என்று ஒருவர் இறங்கினால் அவர் நடந்து வருவதைப் பார்த்தே விலை ஏறும், அதே இருநூறையும் ஒரே காலையில் விற்க நினைத்தால் விலை படுத்துவிடும். இதற்காகத்தான் நடுத்தர நிறுவனங்களுக்கான மிட் கேப் ஃபண்டுகளும் ஸ்மால் கேப் ஃபண்டுகளும் தங்கள் கையிருப்பில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்பதை 2024 மார்ச் முதல் மாதாமாதம் வெளியிட்டுவருகின்றன. அந்த நாட்களைக் கணக்கிடும்போது எளிதில் விலைபோகாத கடைசி 20 சதவீதத்தை ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான நெருக்கடியில் மாட்டிக்கொள்வது அந்தப் பகுதிதான்.

இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அளவு பெரிதாக இருப்பதில் தீமை ஒன்றும் இல்லை. குறியீட்டிலிருந்து அது எவ்வளவு பின்தங்குகிறது என்பதைப் பார்த்தால் போதும். கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் கடன் ஃபண்டுகளில் அளவு பாதுகாப்பு அல்ல என்பதை, 2020 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் முடக்கியபோது எல்லோரும் பார்த்தார்கள். அங்கே கெடுத்தது எளிதில் விற்க முடியாத கையிருப்பு.

மாலைக்குள் ஏழு மூன்றாகியது. ஒரு நிஃப்டி 100 இண்டெக்ஸ் ஃபண்ட், நோட்டில் மற்றவற்றோடு மிகக் குறைவாகப் படிந்த ஒரு மிட் கேப் ஃபண்ட், அவர் பிடிவாதமாக வைத்துக்கொண்ட ஒரு ஸ்மால் கேப் ஃபண்ட். மூன்றுமே டைரக்ட் பிளானில். பழைய ரெகுலர் பிளான்களில் எஸ்ஐபியை, அதாவது மாதாமாதம் கட்டுவதை, நிறுத்தச் சொன்னேன். சேர்ந்திருக்கும் பணத்தை ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன், ஏனென்றால் ஒரே ஃபண்டில் ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதும் விற்று வாங்குவதாகவே கருதப்படும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்களில் நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அந்த வரம்புக்குள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

ஸ்மால் கேப் ஃபண்டில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதன் அளவு அவர் சேர்ந்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு வளர்ந்துவிட்டது. விற்க ஆகும் நாட்களின் எண்ணிக்கையை மாதாமாதம் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவருவதாகச் சொல்லி நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்; மகளுக்கு மறுநாள் வேறு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.