கீழே விழுந்தால் வெளியே போகட்டும்
2002 கால்பந்து உலகக் கோப்பையில் துருக்கி வீரர் ஹக்கன் உன்சால் உதைத்த பந்து பிரேசில் வீரர் ரிவால்டோவின் காலில்தான் பட்டது. ஆனால் ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். வெளியேற்றப்பட்டது உன்சால். ரிவால்டோவுக்கு அபராதம் மட்டும்; அடுத்த ஆட்டத்திலும் ஆடினார், கோப்பையையும் வென்றார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அடிபட்டதுபோல் நடிப்பவர்களை அபராதப் பணம் தடுக்காது. அந்த ஆட்டத்திலேயே இழப்பு வர வேண்டும். அமெரிக்காவின் எம்எல்எஸ் கால்பந்து லீக் 2024-இல் அதைச் செய்தது: 15 விநாடிக்கு மேல் தரையில் கிடந்து, மருத்துவக் குழு உள்ளே வந்தால், அந்த வீரர் 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். தலையில் அடிபட்டால் விலக்கு உண்டு, அது நியாயம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2023-இல் கொண்டுவந்தது வெறும் 30 விநாடி. போதவே போதாது.

பெரிய ஓட்டை கோல்கீப்பர்தான். அவரை வெளியே அனுப்ப முடியாது. அதனால் முன்னிலையில் இருக்கும் அணியின் கீப்பர் அடிபட்டதாகச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். அந்த இடைவெளியில் அவருடைய சக வீரர்கள் பயிற்சியாளரிடம் ஓடிப்போய்த் திட்டம் கேட்கிறார்கள். கீப்பருக்குப் பதிலாக வேறொரு வீரரை 2 நிமிடம் வெளியே நிறுத்துங்கள். யார் என்பதைப் பயிற்சியாளரே முடிவு செய்யட்டும், சரி. ஆனால் ஒருவர் போயே ஆகவேண்டும்.