ஸ்கேன் மேசையில் படுப்பதற்கு முன்

எம்.ஆர்.ஐ அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுப்போம். பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் வைத்திருக்கிறார்களா, காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறார்களா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’ என்று போட்டு, கையெழுத்து வைத்துத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

அதனால் நான் எல்லாவற்றையும் மறுபடி வாயால் கேட்பேன். “அதான் எழுதிக் குடுத்துட்டேனேம்மா” என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ இரண்டும் எடுக்கிற டெக்னீஷியன் நான். எவ்வளவு நவீனமான எந்திரமாக இருந்தாலும் அதற்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் உடம்பின் பழைய கதை உங்களுக்குத்தான் தெரியும். ஸ்கேன் பாதுகாப்பாக முடிவதும், எடுத்த படம் மருத்துவருக்குப் பயன்படுவதும் அந்தச் சில நிமிடப் பேச்சைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எம்.ஆர்.ஐ-யிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இருப்பது ஒரு பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும்தான். வழக்கமான 1.5 டெஸ்லா எந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையானது. முக்கியமான விஷயம், அந்தக் காந்தத்தை நாங்கள் மாலையில் அணைத்துவிட்டுப் போவதில்லை. ஸ்கேன் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரவிலும், விடுமுறை நாளிலும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். “இப்பத்தான் எந்திரம் ஓடலையே, சும்மா எட்டிப் பாக்குறேன்” என்று சாவிக்கொத்தோடு உள்ளே காலெடுத்து வைப்பவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். 2001-இல் நியூயார்க் அருகே ஒரு மருத்துவமனையில் இப்படி உள்ளே கொண்டுபோன ஆக்ஸிஜன் சிலிண்டர் காந்தத்தை நோக்கிப் பறந்து, உள்ளே படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அதை மறக்க மாட்டோம். உடன் வருகிறவர்களும் சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கண்ணைப் பற்றிய கேள்விதான் பலருக்கும் விநோதமாகத் தெரிகிறது. முதுகுவலிக்காக ஒரு பெரியவர் வந்திருந்தார். படிவத்தில் எல்லாம் ‘இல்லை’. பேச்சுவாக்கில், “என்ன வேலை பாத்தீங்க ஐயா?” என்று கேட்டேன். “லேத்துல இருந்தேன்மா, வேலை முழுக்க அங்கதான்” என்றார். கண்ணில் ஏதாவது தெறித்திருக்கிறதா என்றால், “அது சின்ன வயசுல. டாக்டர் எடுத்துட்டாரு. இப்ப ஒண்ணும் இல்ல” என்றார். ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட்டிடம் சொன்னேன். முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடது கண் இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, மிளகில் பாதிகூட இருக்காது. அவ்வளவு வருடம் அவரைத் தொந்தரவு செய்யாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. காந்தத்துக்குள் போனால் அந்தத் துணுக்கு அசைந்து பார்வை நரம்பையோ விழித்திரையையோ கிழித்துவிடலாம். அவருக்கு எம்.ஆர்.ஐ ரத்தானது, சி.டி. எடுத்தோம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அது இங்கே தேவைப்படும் தகவல் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களே வடிகட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வடிகட்டுவது எங்கள் வேலை.

உடம்பில் உலோகம் இருந்தாலே எம்.ஆர்.ஐ கூடாது என்பதும் சரியில்லை. டைட்டானியம் தகடு, செயற்கை மூட்டு, இதய ஸ்டென்ட் போன்றவற்றுடன் பெரும்பாலும் எடுக்கலாம். பேஸ்மேக்கரிலும் எம்.ஆர்.ஐ-க்கு ஏற்றபடி வடிவமைத்தவை வந்துவிட்டன. ஆனால் எந்த மாடல் என்று தெரியாமல் எடுக்க மாட்டோம். அறுவை சிகிச்சையின்போது கொடுத்த சின்ன அட்டை வீட்டில் எங்காவது இருக்கும், அதைத் தேடி எடுத்து வாருங்கள். அந்த அட்டை இல்லாததால் தள்ளிப்போன ஸ்கேன்கள் ஏராளம்.

இன்னும் சில பொருட்கள் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் மெல்லிய உலோகத் தாள் இருக்கும், அது சூடேறித் தோலைச் சுடும். வியர்வை நாற்றம் வராது என்று விற்கும் சில உடற்பயிற்சி உடைகளில் வெள்ளி இழை கலந்திருக்கும். கண்மை, மஸ்காராவில் இரும்புச் சேர்மங்கள் இருக்கலாம். அதனால்தான் எங்கள் கவுனுக்கு மாறச் சொல்கிறோம்.

மேசையில் படுத்ததும் சிலர் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்துக்கொள்வார்கள், அல்லது கால் மேல் கால் போட்டுக்கொள்வார்கள். நான் பிரித்துவிடுவேன். தோலும் தோலும் தொட்டு உடம்பே ஒரு மூடிய வளையமாகிவிட்டால், ரேடியோ அலைகள் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். தொடும் இடத்தில் தீக்காயம் வரலாம். தொடைகளுக்கு நடுவே நாங்கள் செருகும் துணி அதற்காகத்தான். எங்காவது சூடாகத் தோன்றினால் கையில் கொடுத்திருக்கிற பந்தை உடனே அமுக்குங்கள். ‘தொந்தரவு பண்ண வேண்டாம்’ என்று பொறுத்துக்கொள்ளவே கூடாது.

மூடிய இடம் என்றால் பயமா? அதையும் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். உள்ளே போன பிறகு பயந்து பாதியில் வெளியே வந்தால் எடுத்த படமும் வீணாகும், அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். முன்பே தெரிந்தால் கண்ணைக் கட்டி அனுப்பலாம். முழங்காலுக்கு என்றால் கால் முதலில் போகும்படி படுக்க வைக்கலாம், தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். தேவைப்பட்டால் மருத்துவர் லேசான மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்வார். உள்ளே கேட்கும் டமடம சத்தம் எந்திரக் கோளாறு இல்லை. காந்தப்புலத்தை நொடிக்கு நொடி மாற்றும் சுருள்கள் அதிர்வதால் வரும் சத்தம் அது. காதடைப்பானைச் சரியாக உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

சரி, எக்ஸ்ரே கதிரால் படமெடுக்கும் சி.டி.க்கு வருவோம். படுத்த சில நிமிடங்களில் முடிந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது கான்ட்ராஸ்ட் மருந்து. ரத்தக்குழாய்களும் உறுப்புகளும் தனித்தனியாகத் தெரிவதற்காக அயோடின் கலந்த மருந்தை நரம்பில் செலுத்துவோம். செலுத்தியதும் உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். போயிருக்காது. இதை நான் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் அந்த நொடியில் திடுக்கிட்டு அசைந்துவிடுவார்கள், படம் கலங்கிவிடும்.

மருந்து ஏற்றுவதற்கு முன் சொல்ல வேண்டியவை: முன்பு இப்படி மருந்து ஏற்றியபோது அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா, சிறுநீரகப் பிரச்சினை உண்டா, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களிடம் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை, நீங்களாக நிறுத்தாதீர்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்து ஆகாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த ஒவ்வாமை அவற்றில் உள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. தாய்ப்பால் கொடுப்பவர்களும் பயப்பட வேண்டாம். பாலில் கலப்பது மிகச் சொற்பம், கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். எம்.ஆர்.ஐ-யில் ஏற்றுவது வேறு மருந்து, அது கடோலினியம். சிறுநீரகம் மிக மோசமாக இருப்பவர்களுக்கு அதில் தனிக் கவனம் தேவை.

கதிர்வீச்சுப் பயம். இது நியாயமான பயம்தான், ஆனால் அளவு தெரிந்தால் பாதி குறையும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே தோராயமாக 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. தலைக்கு சி.டி. என்றால் சுமார் 2. வயிற்றுக்கு 8 முதல் 10 வரை, அதாவது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கை அளவு. தேவையான சி.டி.யை இந்தக் கணக்குக்குப் பயந்து மறுக்காதீர்கள். பக்கவாதம் என்று வருகிறவருக்கு மூளையில் ரத்தக்கசிவா அடைப்பா என்று சில நிமிடங்களில் பிரித்துச் சொல்வது அதுதான். அதே சமயம், “எதுக்கும் ஒரு முழு உடம்பு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே” என்று கேட்டு வாங்குவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

ஈயக் கவசம் போடவில்லையே என்று கோபிக்கிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் இனப்பெருக்க உறுப்புகளை மறைத்துப் போடுவோம். கருவிகளின் கதிர் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. கவசம் படத்தை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும். அதனால் 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தை விட்டுவிடப் பரிந்துரைத்தது. எங்கள் அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

பெரிய எந்திரம்தான் நல்ல ஸ்கேன் என்பதும் உண்மையில்லை. பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் அதை அருமையாகக் காட்டும். பல கற்கள் சி.டி.யில் தெரியவே தெரியாது. ஆனால் அந்த அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. அடிவயிற்றுக்கு என்றால் நேர்மாறு: தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளி, கருப்பைக்கு ஜன்னல் திறந்துவிடும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அன்று அக்குளில் பவுடரோ டியோடரண்டோ வேண்டாம். அதில் உள்ள அலுமினியத் துகள்கள் படத்தில் கால்சியப் புள்ளிகள் போலத் தெரிந்து வீண் கலவரத்தைக் கிளப்பும்.

ஸ்கேன் முடிந்து எழுந்ததும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “ஏம்மா, பயப்படற மாதிரி ஏதாவது இருக்கா?” அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியாமல் இல்லை. படம் தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதைப் படித்துச் சொல்வது ரேடியாலஜிஸ்ட்டின் பொறுப்பு. அவர் நூற்றுக்கணக்கான வெட்டுகளை (உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டும் படங்களை) ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்கள் அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்துத்தான் எழுதுவார். நான் அரைகுறையாகச் சொல்லும் ஒரு வார்த்தை உங்களை வீணாகப் பயமுறுத்தலாம், இல்லை வீணாக நிம்மதிப்படுத்தலாம். நான் சிரிக்காவிட்டால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. ரத்தக்கசிவு போல அவசரமான எதையாவது பார்த்தால் உங்களிடம் பேசுவதற்கு முன் ரேடியாலஜிஸ்ட்டைக் கூப்பிட்டிருப்பேன்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இணையத்தில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முதுகு எம்.ஆர்.ஐ-யில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருப்பது) என்று இருந்தால், அறுவை சிகிச்சைதான் என்று முடிவுகட்டி அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. முடி நரைப்பது எப்படியோ, முதுகுத் தட்டுகளுக்கு அது அப்படி. உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்று படம் மட்டும் சொல்லாது. உங்களைத் தொட்டுப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், பழைய படங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நுரையீரலில் சின்ன முடிச்சு ஒன்று புதிதாகத் தெரிந்தால் அடுத்தடுத்து ஸ்கேன், சில சமயம் ஊசி போட்டுச் சதை எடுப்பது வரை போகும். அதே முடிச்சு சில ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். அந்தப் பழைய படத்தை நீங்கள் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். வெறும் ரிப்போர்ட் தாள் போதாது, ஃபிலிமும் அரைகுறைதான், தேர்ந்தெடுத்த சில வெட்டுகள்தான் அதில் இருக்கும். ஃபிலிமை ஜன்னலில் வைத்து போனில் எடுத்த போட்டோவை வைத்து யாரும் எதையும் அளக்க முடியாது. எங்கே ஸ்கேன் எடுத்தாலும் எல்லா வெட்டுகளும் அடங்கிய டிஸ்க்கையோ இணைய இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். எந்த உறுப்பு, எந்த தேதி என்று உறையின் மேல் எழுதி வையுங்கள்.